படகுக்கும் ஒரு பதிவேடு

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் முறுவலிக்கக்கூடும். மலையும் மாந்தோப்பும் உள்ள ஊரில் துடுப்புக்கு ஏது வேலை? ஆனால் 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது சூளூர்ப்பேட்டைப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது. அதனால் பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரப் பகுதியும் நம் மாவட்டத்தைத் தொட்டு நிற்கிறது. ஏரியின் தென்கோடி தமிழ்நாட்டில் உள்ளது. நம் குடும்பங்களுள் அக்கரையில் உறவுடையோர் உளர். உறவினர் படகில் பங்குப் பணம் போட்டோரும் உளர். நாமும் அவர்களுள் ஒருவரே. சேமநிதியில் கடன் பெற்று, மைத்துனரின் கண்ணாடியிழைப் படகுக்கு மோட்டார் வாங்கப் பணம் அனுப்பினோம்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் அந்த மோட்டார் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றுவிட்டது. படகில் நால்வர் இருந்தனர். நீரோட்டமோ உள்ளிழுக்கும் நேரமன்று. நங்கூரக் கயிறு பிடித்ததாலும், பின்னே வந்த வேறொரு படகு கட்டி இழுத்ததாலும் அனைவரும் கரை சேர்ந்தனர். எரிபொருள் வடிகட்டியில் நீரும் கசடும் நிறைந்திருந்தன. அதை எப்போது மாற்றினீர்கள் என்று வினவினோம். மைத்துனர் தலைகுனிந்து, “மாமா, நான் மாற்றியிருப்பேன் என்று அவன் நினைத்தான், அவன் மாற்றியிருப்பான் என்று நான் நினைத்தேன்” என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. நாள்தோறும் பேரேடுகளோடு வாழும் குமாஸ்தாவாகிய நாம், பணம் அனுப்பினோமேயன்றி ஒரு நாளாவது ‘எழுதி வை’ என்று சொன்னதில்லை.

நிற்க. திருப்பதியில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனை ஒன்று உள்ளதை அன்பர்கள் அறிவர். பெட்டியைப் பிரித்துச் செப்பனிட்டபின், வேலை எந்தப் பணிமனையில் எந்தத் திங்களில் முடிந்தது, மறுபடி எப்போது திரும்பவேண்டும் என்பதைப் பெட்டியின் கோடிச் சுவரிலேயே வண்ணத்தால் எழுதி விடுகிறார்கள். அடுத்த முறை மேடையில் வண்டிக்குக் காத்திருக்கையில் நோக்குக. எவர் நினைவையும் நம்பாமல் பெட்டியே தன் சரித்திரத்தைச் சுமந்து செல்கிறது.

கடலோடிகளுக்கும் இவ்வழக்கம் பழையதே. கப்பலில் ‘லாக்’ புத்தகம் என்கிறார்களே, அச்சொல் மரக்கட்டையைக் குறிப்பது. கயிறு கட்டிய கட்டையை நீரில் எறிந்து வேகத்தை அளந்து, அந்த அளவை எழுதி வைத்த ஏட்டுக்கு அக்கட்டையின் பெயரே நிலைத்தது.

சிறு படகுக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டா. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மோட்டார் ஓடிய மணி, செய்த வேலை, மாற்றிய உறுப்பு, விலை, செய்தவர் பெயர். இக்கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை என்பது மேற்சொன்ன நிகழ்ச்சியில் விளங்கும். மணி காட்டும் கருவி இல்லாதவர்கள் ஊற்றிய எரிபொருளின் லிட்டரையாவது குறிக்கலாம். கயிறு, நங்கூரம், உயிர்காப்புச் சட்டை ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குக. வெயிலில் கிடந்து நைந்த சட்டை பார்வைக்குச் சட்டையாகவே இருக்கும். வாங்கிய ஆண்டைப் பார்த்தால்தான் அதன் வயது தெரியும்.

எழுதினால் மற்றொரு நன்மையும் உண்டு. பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது. அடியில் மணலும் சேறும். வெளிப்புற மோட்டாரைக் குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் மணலால் தேயும். ஒரே ஆண்டில் மூன்று முறை அதை மாற்றியதாக ஏடு காட்டுமானால், குறை கடைக்காரர் கொடுத்த சக்கரத்தில் இல்லை, படகு செல்லும் தடத்தில் உள்ளது என்று ஊகிக்கலாம். ஏடு இல்லையேல் நான்காவது சக்கரம் வாங்குவோம், கடைக்காரரையும் வைவோம்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூருக்கருகே ‘ராயல் வசிஷ்டா’ என்னும் உல்லாசப் படகு கவிழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்கமாட்டோம். படகை வெளியே எடுக்கவே அக்டோபர் 22 ஆயிற்று. இத்தகைய விபத்துக்குப் பின் எங்கும் எழும் முதற் கேள்விகள், யார் சோதித்தார், எப்போது சோதித்தார் என்பவையே. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் பதிவையும் சோதனைச் சான்றையும் வற்புறுத்துகிறது. மீன்பிடி படகு வேறு வகை என்பது உண்மையே. நீர் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

பங்குப் பணம் போட்ட அன்பர்களுக்கு ஒரு சொல். கணக்குக் கேட்டால் ஊரிலிருக்கும் தம்பி மனம் நோவானோ என்று நாமும் தயங்கினோம். நடந்தது வேறு. அனுப்பும் பணமெல்லாம் எங்கே போகிறது என்று நம் வீட்டில் எழுந்த முணுமுணுப்பு, மைத்துனர் ஏட்டின் இரு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிய அன்றே ஓய்ந்தது. இன்னும் சொன்னால், அவர் தம் கைப்பணம் போட்டு வாங்கிய பொருள்களும் அதில் இருந்தன. அவற்றை அவர் நம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல்மீன்பிடித் தடை. வலையும் மோட்டாரும் பழுது பார்க்கும் காலம் அதுவே. ஏடு தொடங்கவும் அதுவே ஏற்ற காலம். மைத்துனரின் ஏடும் அப்போதுதான் தொடங்கிற்று. நாம் ஆசையோடு வாங்கி அனுப்பிய மைப்பேனாவை அவர் ஒதுக்கிவிட்டார். உப்புநீர் பட்டால் மை கரைகிறதாம், பென்சிலே நிற்கிறதாம். அதை நூலில் கட்டி நோட்டோடு ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறார்.