முடிதானே என்று சொல்லாதீர்கள்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாண்டிய மன்னனுக்கு ஐயம் வந்ததாம். அந்த ஐயத்தைத் தீர்க்க இறைவனே சபைக்கு வந்து நக்கீரரோடு வாதாடிய கதையை நாம் எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் கேட்டிருக்கிறோம். தருமியின் புலம்பலை ஆண்டு விழா மேடையில் நடித்துக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறோம். கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, ஐம்பால் என்று தலைமுடிக்கு எத்தனையோ பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால், அந்த முடி கொட்டிப்போன தலைக்கு நம் வாயில் சட்டென்று வருவது ஒரு சொல்தான். மொட்டை! அதையும் பெரும்பாலும் கேலிக்குத்தான் பயன்படுத்துகிறோம்.

இதைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது 2023ஆம் ஆண்டில். அந்த ஆண்டுதான் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னார். மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மூன்று வாரத்திற்கு ஒருமுறை என ஆறு முறை கீமோதெரபி என்று முடிவானது.

என் அம்மா சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தொழிற்சாலைத் தொப்பிக்குள் அவருடைய கொண்டை அடங்காது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவார். இடுப்பைத் தொடும் முடி. அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. புற்றுநோய் அணுக்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேரில் உள்ள அணுக்களும் அப்படித்தான். மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. எல்லா மருந்துகளும் முடியைக் கொட்டச் செய்வதில்லை. ஆனால், அம்மாவுக்குக் கொடுத்த மருந்து கொட்டச் செய்யும் வகை. முதல் மருந்து ஏற்றி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கொட்டத் தொடங்கும் என்று தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே 17ஆம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி. அம்மா அதைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் சொன்ன வார்த்தையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "முடிதானேம்மா, வளந்துடும்" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. குளியலறைக்குள் சென்று குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு முடி மீண்டும் முளைக்கத் தொடங்குகிறது. ஆனால், உண்மையாக இருப்பதாலேயே ஒரு சொல் ஆறுதலாகிவிடுமா? உயிர் போகுமோ என்று அஞ்சுகிறவர் முடிக்காக அழுதால், 'இதற்குப் போய் அழலாமா' என்று நமக்குத் தோன்றுகிறது. மார்பில் உள்ள தழும்பை ஆடை மறைத்துவிடும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். முடி போனால் புருவமும் இமைமுடியும்கூடச் சேர்ந்து போவதுண்டு. கண்ணாடியில் தெரிவது நோயாளியின் முகம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நோய் நமக்கு முன்னே நடந்துபோய் எல்லாரிடமும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அம்மா அழுதது அதற்காகத்தான் என்று எனக்குப் புரியப் பல வாரங்கள் ஆயின.

அன்று மாலை அப்பா முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். வீட்டின் பின்புறத்தில் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். லாரி ஓட்டிப் பழகிய கைகள் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். யாரும் பேசவில்லை. முடிந்ததும் அப்பா கீழே கிடந்த முடியைக் கூட்டி நாளிதழில் மடித்து வைத்தார். குப்பைத் தொட்டியில் போட அவருக்கு மனம் வரவில்லை.

'நானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன்' என்று அம்மாவிடம் சொன்னேன். அதை அன்பு என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு எதுக்கு இன்னொரு மொட்டைத் தல? பின்னிவிடறதுக்கு ஒரு முடியாவது இந்த வீட்டுல இருக்கட்டும்" என்றார். அந்த விடுமுறை முழுவதும் காலையில் என் முடியைப் பின்னிவிட்டார். இருபது வயதில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைபோல இரட்டைச் சடையோடு திரிந்தேன். இன்னொரு தாய் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அதனால்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

அடுத்து ஊர் வாய். விக் நம் நாட்டு வெயிலுக்கு அரிக்கிறது என்று அம்மா அதை ஒதுக்கிவிட்டார். பக்கத்து வீட்டு மக்சிக் துடோங்கிற்கு உள்ளே அணியும் மெல்லிய பருத்தித் தொப்பி இரண்டைக் கொடுத்து, துணி நழுவாமல் கட்டவும் கற்றுக்கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால், பசார் மாலாமில் நம்மவர் ஒருவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "என்னக்கா, மாறிட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா காய்கறிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். "யாராச்சும் கேட்டா தைப்பூசத்துக்கு வேண்டுதல்னு சொல்லிடு." நல்ல யோசனை என்றே எனக்குப் பட்டது. பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளை நாம் வணக்கத்தோடு பார்க்கிறோம். யாரும் சிரிப்பதில்லை, பரிதாபப்படுவதும் இல்லை. ஆனால் அம்மா, "வேண்டிக்கிட்டுக் குடுத்த முடி இல்ல இது. என்னைக் கேக்காம போன முடி. சாமி பேரச் சொல்லி நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார்.

சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே. நேர்த்திக்கடன் என்றால் மதிப்போம், நோய் என்றால் மறைக்கச் சொல்வோம். அப்படியானால் குறை அந்தத் தலையில் இருக்கிறதா, நம் பார்வையில் இருக்கிறதா? கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். நோயைப் பற்றிப் பேச நமக்குப் பழக்கமில்லை. அதனால் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுகிறோம், அல்லது பார்க்கப் போவதையே நிறுத்திவிடுகிறோம்.

அனுபவம் எனக்குக் கற்றுத்தந்தது இவ்வளவுதான். முடி கொட்டும் என்று தெரிந்தால் முன்னதாகவே குட்டையாக வெட்டிக்கொள்ளலாமா என்று நோயாளியிடம் பேசலாம். முடிவு அவருடையதாக இருக்கட்டும். கண்ணாடி பார்க்கும் நாளையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். அழுதால் அழவிடுங்கள், காரணம் சொல்லித் தடுக்காதீர்கள். பார்க்கப் போனால் தலையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பேசுங்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுங்கள். நோய் வருமுன் அவரிடம் எதைப் பேசினீர்களோ அதையே பேசுங்கள். பிள்ளைகளாகிய நாம், தைரியம் சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொள்வோம்.

மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை மானத்திற்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். ஆறாம் ஆண்டில் அந்தக் குறளை மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். வள்ளுவர் பேசியது மானத்தைப் பற்றி. ஆனால், முடி போனாலே மானம் போய்விட்டதுபோல நாம்தான் நடந்துகொள்கிறோம். என் அம்மா முடியை இழந்தும் வாழ்ந்தார். பொய் சொல்லாமல் வாழ்ந்தார். மானம் என்பதற்கு எனக்கு இனி வேறு உரை தேவையில்லை.

2024ஆம் ஆண்டில் அம்மாவுக்கு முடி மீண்டும் முளைத்தது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டையாகவும் நரையாகவும் வந்திருக்கிறது. "இது யாரு முடிடி?" என்று தடவிப் பார்த்துச் சிரிக்கிறார். தொழிற்சாலைத் தொப்பிக்குள் இப்போது எளிதாக அடங்கிவிடுகிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 'முடிதானே' என்று நான் இப்போது சொல்வதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.