பெயரைப் பார்த்தால் போதுமா?

என் நாத்தனார் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு அவசர மருத்துவம் எடுக்கப் போகிறாள். கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று வீட்டில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. "பக்கத்து ஊர்னா வாரா வாரம் வந்துடலாம்" என்கிறார் என் மாமியார். "பேர் உள்ள காலேஜ்தான் கல்யாணப் பேச்சுக்கு நல்லது" என்கிறார் அவள் பெரியப்பா.

நம் நாட்டில் இதைத் தனிப் பிரிவாக அங்கீகரித்ததே 2009-ல்தான். எம்.டி. மூன்று வருஷம். விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி என்று வருகிறவர்களைக் கையோடு பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது வேறு. ராத்திரியில் கேஸ்கள் நிறைய வருமா? அந்நேரம் சீனியர் டாக்டர் கூடவே நின்று சொல்லித் தருவாரா, போனில் மட்டும்தானா? பெண் டாக்டர்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட தனி ஓய்வறை உண்டா? 2024 ஆகஸ்டில், கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், இரவுப் பணிக்கு நடுவே ஓய்வெடுக்கக் கருத்தரங்கு அறைக்குப் போன பயிற்சிப் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையை மறக்க முடியுமா?

இதெல்லாம் கல்லூரி விளம்பரத்தில் இருக்காது. அங்கே இப்போது படிக்கிற பெண்களிடம் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

நாளைக்கு நம் வீட்டு ஆளையே ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடும்போது, அங்கே நிற்பது நன்றாகக் கற்ற டாக்டராக இருக்க வேண்டாமா, சகோதரிகளே?