'விட' என்னும் சொல் விடுபட்ட செய்தி

மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகள் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. செவிலியர் சொல்லும் விளக்கம் மலையாளத்தில் இருக்கிறது. அம்மருந்தைப் பற்றிய அச்சம் மட்டும் தமிழில், கைப்பேசி வழியே வீட்டுக்கே வந்து சேர்கிறது. 'பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் நுரையீரலில் புற்றுநோய் வரும்' என்பது அவ்வாறு வந்து சேர்ந்த செய்திகளுள் ஒன்று. அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் மறுப்பது எளிது. அதன் வேரில் ஓர் ஆய்வு இருக்கிறது. நேர்மையான ஆய்வு என்பதுதான் சிக்கல்.

2018 அக்டோபரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டனின் மருத்துவப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார்கள். 1995 முதல் 2015 வரை இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மருந்து தொடங்கிய ஏறத்தாழ 9,92,000 பேரைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் 7,952 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 'ப்ரில்' வகை மருந்து உண்டவர்களிடம், 'சார்டன்' வகை மருந்து உண்டவர்களை விட, அந்நோய் 14 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் உண்டவர்களிடம் இந்த வேறுபாடு 31 விழுக்காடு.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் ஒரு குடும்பம். லோசார்டன், டெல்மிசார்டன், வால்சார்டன் மற்றொரு குடும்பம். விகுதியைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். மருந்துப் பெயர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் இந்த ஒழுங்கு எந்த இலக்கண ஆசிரியரையும் மகிழ்விக்கும். ஆயினும் தமிழ்ச் செய்திகளில் இரண்டு குடும்பங்களும் மறைந்து 'இரத்த அழுத்த மாத்திரை' என்ற ஒற்றைச் சொல்லே மிஞ்சியது.

அதைவிடப் பெரிய இழப்பு இலக்கணத்தில் நேர்ந்தது. தமிழில் ஒப்பீட்டுக்கெனத் தனி விகுதி இல்லை. 'அதைவிட உயரம்' என்றால் ஒப்பீடு. 'உயரம்' என்று மட்டும் சொன்னால் வெறும் பண்பு. ஒப்பீட்டின் சுமை முழுவதையும் 'விட', 'காட்டிலும்' என்னும் சொற்களும் அவற்றுக்கு முன் நிற்கும் இரண்டாம் வேற்றுமையுமே தாங்குகின்றன. தலைப்பில் இடம் போதாமல் அந்தத் தொடர் வெட்டப்படும்போது எஞ்சுவது 'புற்றுநோய் ஆபத்து அதிகம்' என்பது. இதைப் படிப்பவர் 'சற்றுக் கூடுதல்' என்று பொருள்கொள்வதில்லை. 'மிகப் பெரிது' என்றே கொள்கிறார். ஆய்வாளர்கள் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். மருந்து உண்பதையும் உண்ணாமையையும் அவர்கள் ஒப்பிடவில்லை. 'விட' போனவுடன் ஒப்பீட்டின் மறுமுனையும் போயிற்று. அந்த வெற்றிடத்தில் வாசகர் தாமாகவே 'மருந்து உண்ணாதவர்' என்பதை நிரப்பிக்கொண்டார்.

'தொடர்பு' என்ற சொல்லும் இதற்குத் துணைபோயிற்று. புள்ளியியலில் அது இரண்டு அளவுகள் சேர்ந்து நகர்வதைக் குறிக்கும் எளிய சொல். நாளிதழ்த் தமிழிலோ 'அவருக்கும் அந்தக் கொலைக்கும் தொடர்பு உண்டு' என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். 'வாய்ப்பு' இன்னும் விந்தையானது: வேலைக்கும் வாய்ப்பு, மழைக்கும் வாய்ப்பு, புற்றுநோய்க்கும் வாய்ப்பு. நூற்றில் எத்தனை என்று கேட்கும் பழக்கமே அச்சொல்லில் இல்லை. ஆகவே '14 விழுக்காடு' என்று கண்டவர்கள் மாத்திரை உண்ணும் நூறு பேரில் 14 பேருக்குப் புற்றுநோய் என்று புரிந்துகொண்டால் அவர்களைக் குறைசொல்ல இயலாது.

தலைகளை எண்ணிச் சொன்னால் என்ன கிடைக்கும்? அந்த ஆய்வில் சார்டன் உண்ட 10,000 பேரை ஓராண்டு கவனித்தால் 12 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு வரும் அந்த 14 விழுக்காட்டைச் சேர்த்தால் 12 என்பது ஏறத்தாழ 14 ஆகிறது. 10,000 பேரில் இரண்டு பேர். கோடிக்கணக்கானோர் உண்ணும் மருந்தில் இது புறக்கணிக்கத்தக்க எண் அன்று. ஆய்வாளர்கள் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. ஒரு தனி மனிதர் காலையில் மாத்திரையைக் குப்பையில் எறிவதற்கான காரணமும் அன்று.

அந்த இரண்டு பேரும்கூட உறுதியானவர்கள் அல்லர். ப்ரில் வகை மருந்துகள் பிராடிகினின் என்னும் பொருள் சிதைவதைத் தடுக்கின்றன; அது நுரையீரலில் தேங்குகிறது. கட்டி வளர்ச்சிக்கு அது துணைசெய்யக்கூடும் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கம். ஆனால் இம்மருந்துகளால் பலருக்கு வரும் வறட்டு இருமலுக்கும் அதே தேக்கமே காரணமாகக் கருதப்படுகிறது. இருமல் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். எடுத்தால், வேறு காரணத்தால் முன்பே இருந்த புற்றும் கண்ணில் படும். மருந்து நோயை உண்டாக்கியதா, காட்டிக்கொடுத்ததா என்பதைப் பதிவேடுகளைக் கொண்டு மட்டும் பிரிப்பது கடினம். எத்தனை ஆண்டு, எவ்வளவு புகைத்தார்கள் என்ற விவரமும் அவற்றில் முழுமையாக இல்லை.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. 2010இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு இதே நுரையீரல் புற்றுநோய்ப் பழியைச் சார்டன்கள் மீது சுமத்தியது. மறு ஆண்டே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 31 சோதனைகளை ஆராய்ந்து அப்பழியை நீக்கியது. எட்டு ஆண்டுகளில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சாட்சிக் கூண்டுக்கு மாறி, ப்ரில்களை அளக்கும் அளவுகோலானார். 2021இல் அதே இதழில் 33 சோதனைகளில் பங்கேற்ற 2,60,000க்கும் மேற்பட்டோரின் தனித்தனித் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வெளியானது. எந்த வகை இரத்த அழுத்த மருந்தும் புற்றுநோயை மிகுவிக்கிறது என்பதற்குச் சீரான சான்று அதில் கிட்டவில்லை. இந்தச் செய்தி எத்தனை தமிழ்க் கைப்பேசிகளை எட்டியது?

2018 ஜூலையில் வால்சார்டனில் என்.டி.எம்.ஏ. என்னும் மாசு கலந்திருந்ததால் பல நாடுகள் அதைத் திரும்பப் பெற்றன. அது உற்பத்திப் பிழை. மருந்தின் இயல்பு அன்று. மூன்று மாத இடைவெளியில் வந்த இரு செய்திகளும் பலர் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு வேறொரு பாடம் கிடக்கிறது. கருநாகப்பள்ளிக் கடற்கரையின் தோரிய மணல் புற்றுநோயை மிகுவிக்கிறதா என்று இந்நகரின் மண்டலப் புற்றுநோய் மையம் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. 2009இல் வெளியான முடிவுகள் அத்தகைய மிகுதியைக் காட்டவில்லை. அதே மக்களிடையே நுரையீரல் புற்றுநோயோடு வலுவாகச் சேர்ந்து நின்றது பீடி. கதிர்வீச்சைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பீடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழகிய பொருள் யாரையும் அச்சுறுத்துவதில்லை.

மாத்திரையை நிறுத்துவதன் விலையையும் இந்நகரம் எண்ணி வைத்திருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மருத்துவர்கள் நடத்திய பக்கவாதப் பதிவேட்டில், ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 135 பேருக்குப் பக்கவாதம் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. தாக்குண்டவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் 28 நாள்களுக்குள் இறந்தார்கள். இந்த எண்கள் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

கலைச்சொல் ஆக்குவதில் தமிழ்க் கல்வித்துறை செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கையாவது இனி வாக்கியங்களுக்குச் செலவிட வேண்டும். 'சார்பு இடர்' என்று ஒரு சொல்லைப் படைத்துவிட்டால் பணி முடிந்தது என்ற நினைப்பு தவறு. யாரை விட, எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில் என்னும் மூன்று இடங்களும் நிரம்பாத உடல்நலச் செய்தியை இதழியல் மாணவர் எழுதினால் அதைப் பிழையுள்ள வாக்கியமாகவே திருத்த வேண்டும். மொழியியல் துறைகளும் பொதுச் சுகாதாரத் துறைகளும் இந்நகரில் ஒரு பேருந்துத் தொலைவில்தான் இருக்கின்றன.

இனி அந்த நோயாளிக்கு வருவோம். ராமிப்ரில் உண்டு வறட்டு இருமலால் உறங்க இயலாதவர், செய்தியைக் கண்டு தாமாக மாத்திரையை நிறுத்துகிறார். அவர் மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: 'இதற்குப் பதிலாகச் சார்டன் தர முடியுமா?' இருமலுக்காக அவ்வாறு மாற்றித் தருவது நெடுநாளைய வழக்கம்.