பங்குனி ஆமையும் நம் பொறுப்பும்



புதுவாயலிலிருந்து பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்குச் செல்வோர், அன்னையை வணங்கியபின் கடற்கரைக்கும் செல்வது வழக்கம். 2025 சனவரியில் சென்னையைச் சூழ்ந்த கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான கடலாமைகள் செத்து ஒதுங்கின. அவை மாண்ட காரணத்தை நம் பிள்ளைகளும் அறிதல் நலம்.

உலகில் கடலாமைகள் ஏழு வகை. நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் அதற்குப் பெயருண்டு. தாய் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடல் சேரும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுள் மிகச் சிலவே வளர்ந்து தாயாகும். அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேல் செல்லும். ஆகவே, ஒரு தாயின் மரணம் பல தலைமுறைகளின் இழப்பாகும்.

ஆமைக்கு மீனைப்போல் செவுள் இல்லை. நம்மைப்போல் நுரையீரலே உண்டு. மூச்சுவிட அது நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்குள் இழுபடும் ஆமை மூச்சுத் திணறி மாள்கிறது.

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தமிழகத்தில் தடையும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ஆமை தப்பிச் செல்லும் வழியுள்ள வலைக் கருவியை வடிவமைத்துள்ளது. இறால் கம்பிகளுக்கிடையே புகுந்து வலையில் தங்கும்; ஆமையோ கம்பியில் மோதி, திறப்பின் வழியே வெளியேறும்.

எனினும், அவ்வழியே மீனும் சிறிது தப்பும் என்று மீனவர் அஞ்சுகின்றனர். கடன் வாங்கிப் படகோட்டுபவருக்கு அது சிறிய அச்சமன்று. அவரைப் பழித்துவிட்டு, மலிவான இறாலை மட்டும் நாம் நாடுவது நீதியாகுமா? கருவியின் செலவையும் இழப்பையும் அரசும், உண்ணும் நாமும் பகிர்ந்துகொள்வதே முறை.

கரைக்குச் செல்கையில் முட்டைக் குழிகளைக் கலைக்காதீர்கள். இரவில் விளக்கொளி வீசாதீர்கள், ஒளியை நோக்கிக் குஞ்சுகள் வழிதவறும். ஐந்தாம் நாளில் இறைவன் கடல்வாழ் உயிர்களுக்கு ஆசி வழங்கினார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. அவ்வாசியை நம் கைகள் பறியாதிருக்க அவர் அருள்புரிவாராக.