35 கோடி டாலர் செலவு, 36 வெற்றி: ஃபீனிக்ஸ் சன்ஸ் சறுக்கியது எங்கே?

2024-25 என்.பி.ஏ. சீசனில் வீரர்களுக்காக அதிகம் செலவழித்த அணி ஃபீனிக்ஸ் சன்ஸ். சம்பளமும் ஆடம்பர வரியும் சேர்த்து 35 கோடி டாலருக்கு மேல். கிடைத்தது 36 வெற்றி, 46 தோல்வி. அதாவது ஒரு வெற்றிக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி டாலர்!

மேற்குப் பிரிவில் மொத்தம் 15 அணிகள். முதல் 10 இடத்துக்குள் வந்தால் ப்ளே-இன் ஆட்டத்துக்காவது போகலாம். சன்ஸ் பிடித்தது 11-வது இடம். இத்தனைக்கும் அணியில் இருந்தவர்கள் கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல். அப்புறம் எப்படி?

ஆரம்பம் அமர்க்களம்

முதல் 9 ஆட்டத்தில் 8 வெற்றி. 'இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்' என்று ரசிகர்கள் கணக்குப் போட ஆரம்பித்த நேரத்தில் டுராண்டுக்குக் கெண்டைக்காலில் காயம். அடுத்து வந்த 73 ஆட்டங்களில் 28 வெற்றிதான்.

காயத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. டுராண்ட் திரும்பி வந்து சராசரியாக 26 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். புக்கர் 25-ஐத் தாண்டினார். பந்தைக் கூடையில் போட ஆள் இருந்தது. எதிரணி போடுவதைத் தடுக்கத்தான் ஆள் இல்லை. தற்காப்பில் லீக்கின் கடைசி வரிசையில் கிடந்தது சன்ஸ்.

தப்பு தொடங்கியது 2023-ல்

2021-ல் இறுதிப்போட்டி, 2021-22 சீசனில் 64 வெற்றி என்று நன்றாக வளர்ந்து வந்த அணி இது. 2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா உரிமையாளரானார். வந்த சில நாள்களிலேயே டுராண்டை வாங்கினார்கள். அதற்குக் கொடுத்த விலை: என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாத மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கூடவே நான்கு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள். சில மாதங்களில் கிறிஸ் பாலைக் கொடுத்து பீலையும் வாங்கினார்கள்.

கூடைப்பந்தில் களத்தில் இருப்பது 5 பேர். மூன்று பேருக்கே கஜானா காலியானால் மீதி இடத்துக்கு யாரை வாங்குவது?

'இரண்டாவது ஏப்ரன்' என்றால் என்ன?

ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பர்ஸ் தொகை உண்டு. அதைத் தாண்டவே முடியாது. என்.பி.ஏ.வில் சம்பள உச்சவரம்பைத் தாண்டலாம், ஆனால் தாண்டத் தாண்ட வரியும் கட்டுப்பாடும் ஏறும். 2024-25-ல் உச்சவரம்பு சுமார் 14 கோடி டாலர். அதற்கு மேலே சுமார் 18.9 கோடியில் இருப்பதுதான் இரண்டாவது ஏப்ரன் என்ற கோடு.

அதையும் தாண்டினால் கை கட்டப்படும். இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட அதிகச் சம்பளத்தை வாங்கிக்கொள்ள முடியாது. சன்ஸ் இந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. போதாததற்கு, பீல் சம்மதிக்காமல் அவரை எந்த அணிக்கும் மாற்ற முடியாது என்ற ஒப்பந்தம் வேறு. ஓட்டை தெரிகிறது, அடைக்க வழி இல்லை.

பயிற்சியாளர் மேல் பழி

மான்டி வில்லியம்ஸ், ஃபிராங்க் வோகல், மைக் பூடன்ஹோல்சர் என்று 2023 முதல் 2025 வரை வருடத்துக்கு ஒரு பயிற்சியாளர் வேலை இழந்தார். இதில் பூடன்ஹோல்சர், 2021 இறுதிப்போட்டியில் இதே சன்ஸைத் தோற்கடித்த மில்வாக்கியின் பயிற்சியாளர். மூன்று பேருக்குமே ஆட்டம் தெரியாமல் போய்விட்டதா? சமையல்காரரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், மளிகைப் பட்டியலை யாரும் பார்க்கவில்லை.

இஷ்பியா பணத்தை எடுக்கத் தயங்காதவர் என்பது உண்மை. லாபத்தை மட்டும் பார்த்து அணியைப் பட்டினி போடும் உரிமையாளர்களைவிட அது மேல்தான். ஆனால் அவசரத்தில் அண்டாவுக்குள்கூட கை நுழையாது என்பார்கள். இங்கே நடந்தது அதுதான்.

தோல்வியிலும் ஆறுதல் இல்லை

தோற்ற அணிக்கு என்.பி.ஏ. தரும் ஆறுதல், அடுத்த டிராஃப்டில் நல்ல இடம். சன்ஸுக்கு அதுவும் கையில் இல்லை. டுராண்டுக்காகக் கொடுத்த 2025 வாய்ப்பு புரூக்ளின் வழியாக ஹூஸ்டனிடம் போயிருந்தது. சன்ஸ் தோற்கத் தோற்க ஹூஸ்டனுக்குத்தான் கொண்டாட்டம். கடைசியில் 2025 கோடையில் டுராண்டையே ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, அதே டிராஃப்ட் வாய்ப்பு, 10-வது இடம்! விதைநெல்லை விற்றுவிட்டு, மாட்டைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிய கதை.

பீலின் ஒப்பந்தத்தையும் முறித்துக்கொண்டார்கள். அவர் ஆடாவிட்டாலும் 2029-30 வரை ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் சன்ஸ் கணக்கில் நிற்கும்.

அதே சீசனில் 68 ஆட்டங்களை வென்று கோப்பையையும் தூக்கியது ஓக்லஹோமா சிட்டி. 2019-ல் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜைக் கொடுத்து, இளம் வீரர் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கி, ஆறு வருடம் காத்திருந்த அணி அது. சன்ஸுக்கு இனி தேவை இன்னொரு நட்சத்திரமோ நான்காவது பயிற்சியாளரோ அல்ல. தேவை பொறுமை. அதை மட்டும் எந்த டிரேடிலும் வாங்க முடியாது.