கால் விலைக்கு வாங்கிய வேகம்

டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் பயன்படுத்திய கார் விற்போர் வெளியிடும் காணொளிகளுக்கு மையச்சரடு ஒன்றே: புதிதில் 1 கோடிக்கு விற்ற ஜெர்மானிய உயர்திறன் கார் பத்தாண்டு கழித்து 25 லட்சத்துக்குக் கிடைக்கிறது. இவ்வறிவிப்பில் பொய் இல்லை. சொன்ன விலைக்கே வண்டி தரப்படும். சாவியும் அன்றே கைமாறும். ஆயினும் நடுத்தர வருவாய்க் குடும்பங்களை இத்தனை நயமாக ஏமாற்றும் அறிவிப்பு இந்தியச் சந்தையில் வேறொன்று இருப்பது அரிது. நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது விற்பனை விலை மட்டுமே. எஞ்சின் இன்னும் 1 கோடி ரூபாய்க் காரின் எஞ்சின். பிரேக்கும் கியர்பாக்ஸும் அப்படியே. உதிரிபாக விலைப்பட்டியலில் பழைய வண்டிக்கென்று தேய்மானக் கழிவு ஏதும் கிடையாது. இறக்குமதித் தீர்வையும் ரூபாயின் மதிப்புச் சரிவும் சேர்ந்து அப்பட்டியலை ஆண்டுதோறும் மேலேயே தள்ளுகின்றன.

விலை ஏன் விழுந்தது என்ற கேள்வியை இக்காணொளிகள் எழுப்புவதில்லை. முதல் உரிமையாளர் பெரும்பாலும் உத்தரவாதக் காலத்துக்குள் வண்டியை ஓட்டி, அது முடியும் தறுவாயில் கைமாற்றிவிடுகிறார். அடுத்துவரும் ஆண்டுகளின் பழுதுச் செலவைச் சந்தை முன்கூட்டியே மதிப்பிட்டு விற்பனை விலையிலிருந்து கழித்துவிடுகிறது. வாங்குபவர் தள்ளுபடி என்று எண்ணி மகிழ்வது, இனி அவர் தவணைமுறையில் கட்டப்போகும் தொகைதான். வண்டியின் உள்ளும் புறமும் அறிந்தவர் அதைச் செய்த நிறுவனத்தாரே. அவர்களே கூட நீட்டிப்பு உத்தரவாதத்தைக் குறிப்பிட்ட வயதுக்கு மேல் பொதுவாக விற்பதில்லை. செய்தவர் பந்தயம் கட்டத் தயங்கும் இடத்தில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் தம் சேமிப்பை வைக்கிறார்.

ஒரு குறிப்பான வண்டியை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். 2010களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்5 கார், எஃப்10 தலைமுறையைச் சேர்ந்தது. 4.4 லிட்டர் வி8 எஞ்சின், இரட்டை டர்போ, 560 குதிரைத்திறன், 7 வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், 1.9 டன்னை ஒட்டிய எடை. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை நாலரை நொடிக்குள் எட்டும். பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை.

அந்தச் சாதனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் செலவும் அங்கிருந்தே வருவது விளங்கும். வழக்கமான வி8 எஞ்சினில் டர்போக்கள் இருபுறமும் வெளியே தொங்கும். இதில் அவை இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வைக்கப்பட்டுள்ளன. வெளியேறும் வாயு குறுகிய வழியில் டர்போவை அடைவதால் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் விசை கிடைக்கிறது. அதே காரணத்தால் எஞ்சினின் மிகச் சூடான உறுப்புகள் அதன் நட்ட நடுவில் அமர்ந்துகொள்கின்றன. சுற்றியுள்ள ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் இணைப்புகளும் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்களும் ஆண்டுக்கணக்கில் வெந்து வெந்து உடையும் பதத்துக்கு வருகின்றன. ஜெர்மனியின் விரைவுச்சாலையில் எதிர்க்காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மே மாதத்து டெல்லியில், 42 டிகிரி வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் ஊரும் வண்டிக்கு அந்தக் காற்று ஏது? சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒரு சீலை மாற்ற, பல மணி நேரம் பிற உறுப்புகளைக் கழற்ற வேண்டியிருக்கும். சில வேலைகளுக்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். பாகத்தின் விலையைக் கேட்டு நிம்மதி அடைந்தவர் கூலியின் விலையைக் கேட்டு நிலைகுலைவது இவ்வாறே. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் கோளாறு என்றால் மதிப்பீடு லட்சங்களில்தான் தொடங்கும்.

பழுது வராவிட்டாலும் தீனி நிற்பதில்லை. நகர நெரிசலில் இத்தகைய கார் லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தாலே பெரிது. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் 2,000 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் 2 லட்சம். ஐந்தாண்டில் 10 லட்சம், அதாவது வாங்கிய விலையில் ஐந்தில் இரண்டு பங்கு, புகையாகப் போகிறது. லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் சிறிய காருக்கு அதே தூரத்துக்கு ஆண்டுச் செலவு 56,000 ரூபாயைத் தாண்டாது. இந்த எஞ்சின்கள் உயர் ஆக்டேன் எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டவை என்பதையும், 100 ஆக்டேன் பெட்ரோல் 2020இல் இங்கு அறிமுகமானபோதே லிட்டருக்கு 160 ரூபாய் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கசக்கும்.

டயரின் கதை தனி. எம்5இல் முன்சக்கரத்துக்கு 265 மி.மீ., பின்சக்கரத்துக்கு 295 மி.மீ. அகலம். அளவு வேறுபடுவதால் முன்னதைப் பின்னதாக மாற்றிப்போட்டு ஆயுளை நீட்டிக்க வழியில்லை. பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரில் செய்யப்பட்ட இவை விரைந்து தேய்கின்றன. பக்கச்சுவர் குட்டையானது, மழைக்குப் பிந்தைய மும்பைச் சாலையில் ஒரு குழி போதும், டயர் வீங்கி ரிம்மும் வளைந்துவிடும். போதாக்குறைக்கு, 2020 ஜூனில் ஒன்றிய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. உள்நாட்டில் உற்பத்தியாகாத பெரிய அளவுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்பதைத் தமிழர் உவமையாகச் சொன்னார்கள். இங்கே யானையின் விலையை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள்.

காப்பீடு காப்பாற்றும் என்பது அடுத்த நம்பிக்கை. காப்பீட்டுத் தொகை வண்டியின் இன்றைய மதிப்பைப் பின்பற்றுகிறது; பழுதுச் செலவோ அதன் பழைய மதிப்பைப் பின்பற்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் உரிமையாளர் விழுகிறார். வழக்கமான பாலிசியில், 10 ஆண்டைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக், ஏர்பேக் ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் 50 விழுக்காடு. 10 லட்சத்துக்குப் பாகங்கள் மாற்ற நேர்ந்தால் 5 லட்சம் சொந்தக் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே கிடைக்கிறது. வெள்ளநீரை உறிஞ்சிய எஞ்சின் பழுதானால், தனியே எஞ்சின் காப்பு எடுக்காதவருக்கு வழக்கமாக ஒன்றும் கிடைக்காது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் யெமலூர்ப் பகுதியில் கண்ணாடி மட்டத்துக்கு நீரில் நின்ற சொகுசுக் கார்களின் படங்களை நாடே பார்த்தது. அவற்றுள் சில இன்று நல்ல மெருகுடன் வேறொரு மாநிலத்தின் விற்பனைக்கூடத்தில் நிற்கக்கூடும் என்ற எண்ணம் வாங்குவோருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெல்லியில் 10 ஆண்டான டீசல் வண்டிகளும் 15 ஆண்டான பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2025இல் கடும் நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை வந்தபோதிலும், காலாவதித் தேதி நெருங்கும் வண்டிகளைத் தெற்கே தள்ளும் வணிகம் அதற்குள் வேரூன்றிவிட்டது. டெல்லி விலையைக் கண்டு மயங்குபவர், புதிய மாநிலத்தின் சாலை வரியை மறந்துவிடுகிறார். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு. வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் கழிவு உண்டு. ஆனால் அக்கழிவு தொடங்குவது வண்டி புதிதாயிருந்தபோதைய விலையிலிருந்து. அரசுக்கும் அது 1 கோடி ரூபாய் வண்டிதான். 15 ஆண்டு நிறைந்தபின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயாகவும் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இவ்வாதத்துக்கு வழக்கமாக இரண்டு மறுப்புகள் வரும். நிறுவனப் பணிமனைக்குப் போகாமல் வெளிப் பணிமனையில் பாதிச் செலவில் முடிக்கலாம் என்பது முதலாவது. கூலியைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. கைதேர்ந்த தனி மெக்கானிக்குகள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் அதே டர்போவை, அதே பிரேக் டிஸ்க்கைத்தான் வாங்கி மாட்டியாக வேண்டும். இரண்டாவது மறுப்பு உணர்ச்சி சார்ந்தது: ஆசைக்குக் கணக்குப் பார்க்கலாகாதாம். உண்மையான ஆர்வலரைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். வண்டி வாங்கிய அன்றே இன்னும் சில லட்சத்தைத் தனிக்கணக்கில் ஒதுக்குபவர் அவர். நிறுவனம் சொன்ன இடைவெளிக்குப் பாதியிலேயே எண்ணெய் மாற்றுவார். எந்தத் தலைமுறை எஞ்சினில் பேரிங் தேயும், எதில் சீல் ஒழுகும் என்று விரல்நுனியில் வைத்திருப்பார். கணக்குப் பார்க்காத ஆசை விற்பனையாளருக்கு மட்டுமே உகந்தது.

இழப்பது வாங்கியவரின் பணம் மட்டும் என்றால் இத்தனை சொல்லத் தேவையில்லை. பணம் தீர்ந்தபின் வண்டி நின்றுவிடுவதில்லை, சிக்கனம் தொடங்குகிறது. மெருகு, ஒலிபெருக்கி, சைலன்ஸரின் உறுமல் ஆகியவற்றில் கைவைக்க மனம் வராது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவைக்கப்படுகிறது: தேய்ந்த பிரேக் டிஸ்க் இன்னும் ஆறு மாதம் ஓடட்டும், வேகத் தரம் குறைந்த மலிவு டயர் போதும், சஸ்பென்ஷன் சத்தத்தைப் பாட்டுச் சத்தம் மறைக்கட்டும். முன்சக்கரத்தில் 400 மி.மீ. விட்டமுள்ள பிரேக் டிஸ்க்கை நிறுவனம் வைத்தது அழகுக்கு அன்று. 1.9 டன் எடையை 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த அது தேவை. விரைவுச்சாலைகளில்கூட 120 கி.மீ. என்று வரம்புள்ள நாட்டில், 250 கி.மீ. வரை செல்லும் ஆற்றலுக்கு வாடகை கட்டி, அதை நிறுத்தும் ஆற்றலில் மிச்சம் பிடிப்பது எவ்வகைச் சிக்கனம்? அதன் விலையைச் சாலையோரம் நடப்பவரும் இருசக்கர வண்டியில் எதிரே வருபவரும் கட்டுகிறார்கள். அவர்கள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட்டவர்கள் அல்லர்.

கடன் கொடுப்போருக்கும் இதில் பங்குண்டு. விண்ணப்பதாரரின் சம்பளத்திலிருந்து மாதத் தவணையைக் கழித்துப் பார்ப்பவர்கள், வண்டியை ஓட்டும் செலவைக் கழித்துப் பார்ப்பதில்லை. 25 லட்சம் ரூபாய்ப் புதிய காரும் 25 லட்சம் ரூபாய்ப் பழைய எம்5உம் அவர்கள் படிவத்தில் ஒரே தொகை. விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதும் எளியதே: முழுச் சர்வீஸ் பதிவு, நிறுவனப் பணிமனையின் கணினிப் பரிசோதனை அறிக்கை, அடுத்த இரண்டாண்டில் மாற்றியாக வேண்டிய பாகங்களின் விலைப்பட்டியல். இவை மூன்றையும் விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்று சட்டம் கோருவதில் தவறில்லை.

அதுவரை டயரையாவது குனிந்து பார்க்கலாம். அதன் பக்கச்சுவரில் உற்பத்தி வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எஞ்சினின் உறுமலை அரை மணி நேரம் ஒலிக்கவிடும் காணொளிகளில் கேமரா அந்த இலக்கங்களின் பக்கம் திரும்புவதில்லை.