காதல் நாவல் படிக்கலாமா?

சென்ற மாதம் பள்ளிப்பட்டிற்குப் போயிருந்தபோது ஒரு தறிக்காரத் தோழர் வீட்டில் நடந்த சங்கதி இது. தோழர் நல்லவர், பகுத்தறிவு பேசுகிறவர். அவருடைய மகள் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிற 19 வயதுப் பெண். அவள் பையில் இருந்த ஒரு காதல் நாவலைத் தகப்பனார் எடுத்து அடுப்பில் போட்டு விட்டார். "இந்தக் கண்றாவிகளைப் படித்துப் படித்துத்தான் பெண்கள் ஓடிப் போகிறார்கள்" என்று நம்மிடம் முறையிட்டார். அந்தப் பெண் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. "மாமா, அப்பா பயப்படுகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. கடைசியில் அவள் அத்தை மகனைத்தான் கட்டிக் கொள்கிறாள்" என்றாள்.

வாசகர்களே! இன்றையத் தமிழ்க் காதல் நாவல்களைப் பற்றி இதைவிடச் சரியான மதிப்புரையை நாம் படித்ததில்லை. தகப்பனார் எதைக் காப்பாற்ற வேண்டுமென்று புத்தகத்தை எரித்தாரோ, அதையேதான் அந்தப் புத்தகமும் காப்பாற்றிக் கொண்டிருந்தது! அது அவருக்குத் தெரியாது. ஏனெனில் அவர் அதைப் படிக்கவில்லை.

படிக்காதவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல. இலக்கிய விமர்சகர்கள் என்பவர்களும் படிப்பதில்லை. ரமணிசந்திரன் அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வாடகை நூல் நிலையங்களில் அவை அட்டை கிழியும்வரை கை மாறின. இன்று அவ்வகைக் கதைகள் அத்தியாயம் அத்தியாயமாகக் கைப்பேசியிலேயே வருகின்றன. இவ்வளவு பேர் படிப்பதை "பொம்பளைகள் படிக்கும் குப்பை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். குப்பையானால் எதனால் குப்பை என்று சொல்ல வேண்டாமா? வீட்டில் எரிப்பதற்கும், சபையில் அலட்சியம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் படிக்கிற பெண்ணின் அறிவை மதியாத காரியமேயாகும்.

பெண்கள் நாவல் எழுதுவது நேற்றுத் தோன்றியதல்ல. 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். அவருக்குக் கலியாணம் நடந்தபோது வயது ஐந்தரை! சம்மதம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத வயதிலே மணம் செய்து வைக்கப்பட்டவர், பிற்காலத்தில் ஆயிரம் ஆயிரம் பெண்களின் மனதைப் பற்றி எழுதினார் என்றால், பெண்ணுக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பதை நாட்டிற்கு அறிவித்ததில் நாவலுக்கு ஒரு பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. கதை எழுதிச் சமூகத்தை அசைக்கவும் முடியும்.

"கதை கதைதானே, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். புராணமும் கதைதான்! குஷ்டரோகியான புருஷனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டிற்குக் கொண்டுபோன நளாயினியும் கதைதான். அந்தக் கதை எத்தனை தலைமுறைப் பெண்களின் முதுகில் கூடையை ஏற்றி வைத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாவலைப் படிக்கிற பெண் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறோம். கலியாணத்திற்கு அவள் சம்மதம் கேட்கப்பட்டதா? பலவந்தமாகத் தாலி கட்டியவனையும், கை நீட்டி அடித்தவனையும், "உள்ளுக்குள் அன்பு வைத்திருந்தான்" என்று சொல்லி மன்னிக்க வைக்கிறார்களா? கலியாணத்திற்குப் பிறகு அவளுடைய சம்பாத்தியம் என்ன ஆயிற்று? நாலாவது, முக்கியமானது: காதலர்கள் இருவரும் எப்படி எப்பொழுதும் ஒரே ஜாதியாகவே அமைந்து விடுகிறார்கள்?

ஜாதிப் பெயரை எழுதாமலே வீடு, சமையல், சடங்கு ஆகியவற்றால் ஜாதியைக் காட்டி விடுவது இந்நாவல்களின் சாமர்த்தியம். 2011-12-இல் நாடு முழுவதும் எடுத்த ஓர் ஆய்வில், ஜாதி விட்டு ஜாதி மணந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவுதான் இருந்தார்கள். 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டையில், ஜாதி விட்டு மணந்த சங்கர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யா தலையில் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார். நாட்டில் அரிவாள் இருக்கிறது. நாவலில் ரோஜாப்பூ மாத்திரம் இருக்கிறது. இதுதான் நாம் சொல்லும் குற்றம். காதலைச் சொல்லிக் கொடுத்து, அதற்கு வரும் ஆபத்தையும், அதிலிருந்து தப்பும் வழியையும் மறைப்பது நட்பாகுமா?

வழி இல்லாமலில்லை. 1954-இன் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. புரோகிதரும் மந்திரமும் இன்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தாயிற்று; அதை ஊரறிய விளம்பரம் செய்துதான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. எந்தக் கதாநாயகியாவது இதைத் தெரிந்து கொண்டு, ஓர் அத்தியாயத்தில் ரிஜிஸ்திரார் ஆபீஸ் படி ஏறினால் கதையின் சுவை கெட்டுவிடுமா?

நிற்க, இன்னும் இளைய பிள்ளைகளின் நிலை இதைவிடப் பரிதாபமானது. மேல்நாட்டில் 12 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்றே நாவல்கள் உண்டு. அமெரிக்காவில் 1967-இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவலை, எஸ்.இ. ஹிண்டன் என்ற பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுதினார். நம்மிடமோ அம்புலிமாமாவை விட்டால் அடுத்தபடி கலியாணக் கதைதான்! இடையில் உள்ள ஆறேழு வருஷத்து மனதிற்கு எழுதுவோர் மிகச் சிலர்.

நமது யோசனை இதுதான். 1948-இன் நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த நூலகத்திலே மாதம் ஒருநாள் பெண்கள் கூடி, தாங்கள் படித்த நாவலைப் பற்றித் தாங்களே பேசட்டும். தகப்பன்மார் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். நமது தோழருக்கும் அதையே சொன்னோம்: "எரித்தது போகட்டும், அடுத்த புத்தகத்தை நீங்கள் முதலில் படித்துவிட்டு மகளோடு தர்க்கம் செய்யுங்கள்."

அவர் கொஞ்சம் யோசித்து, "படித்தால் எனக்குப் பிடித்துப் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது" என்றார்.

பிடித்துத்தான் போகும். அத்தை மகனைத்தானே கட்டிக் கொள்கிறாள்!